மாப்பிள்ளை வெளிநாட்டில், கல்யாணம் காணொளியில்: மனைவி விசா பற்றி எல்லைப்புறத் தமிழ்க் குடும்பங்கள் கேட்கும் கேள்விகள்

பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர் தாலுகாவில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம் பகுதிகளிலும், ஆந்திரத்தின் சித்தூர், நகரி, புத்தூர்ப் பக்கங்களிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களில், பெண் ஊரிலும் மாப்பிள்ளை கடல் கடந்தும் இருக்கும் சம்பந்தங்கள் இப்போது சாதாரணம். நர்ஸ் வேலைக்குப் பெண் போயிருக்க, மாப்பிள்ளை ஊரில் காத்திருப்பதும் உண்டு. லீவு கிடைக்கவில்லை, விசா முத்திரை தாமதமாகிறது என்னும்போது, "காணொளியிலேயே கல்யாணத்தை முடித்துச் சான்றிதழ் வாங்கி, உடனே விசாவுக்குப் போட்டால் என்ன?" என்ற யோசனை எழுகிறது. அதை ஒட்டி வரும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. 'மனைவி விசா' என்று இங்கே எழுதுவதெல்லாம் கணவனை அழைத்துக்கொள்ளும் மனைவிக்கும் பொருந்தும்.

ஆன்லைன் திருமணம் என்று எல்லோரும் சொல்வது ஒரே விஷயத்தைத்தானா?

இல்லை. மூன்று வெவ்வேறு காரியங்களுக்கு ஒரே பெயர் வழங்கி வருகிறது. முதலாவது, திருமணமே காணொளியில் நடப்பது. ஒருவர் இங்கே திருமண அலுவலர் முன்னும் மற்றவர் வெளிநாட்டில் கைப்பேசித் திரையிலும் இருந்து சம்மதம் சொல்கிறார்கள். இரண்டாவது, இருவரும் நேரில் இருந்து முறைப்படி நடத்திய திருமணத்தைப் பின்னால் காணொளி மூலம் பதிவு மட்டும் செய்வது. மூன்றாவது, இருவருக்கும் தொடர்பில்லாத ஓர் ஊரின் சட்டப்படி இணையத்தில் மணந்துகொள்வது. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் உள்ள யூட்டா கவுன்டி 2020 முதல் இப்படித் திருமணம் நடத்திச் சான்றிதழ் தருவதால் உலகம் முழுவதும் அறியப்பட்டிருக்கிறது.

இந்த மூன்றில் இரண்டாவது வகைக்கு விசா அலுவலகங்களில் பொதுவாகச் சிக்கல் வருவதில்லை, ஏனெனில் அங்கே திருமணம் நேரில் நடந்தது, பதிவுதான் தொலைவிலிருந்து நடந்தது. சிக்கலெல்லாம் முதலாவதிலும் மூன்றாவதிலும்தான். "என் சித்தப்பா மகனுக்கு வீடியோ காலில்தான் முடித்தார்கள், விசாவும் வந்துவிட்டது" என்று யாராவது சொன்னால், அங்கே வீடியோவில் நடந்தது கல்யாணமா பதிவா என்று முதலில் கேட்டுத் தெளிந்துகொள்ள வேண்டும்.

காணொளியில் நடக்கும் திருமணம் இந்தியச் சட்டப்படி செல்லுமா?

மதச் சடங்கு இல்லாமல் திருமண அலுவலர் முன் நடக்கும் திருமணங்களுக்கான சிறப்புத் திருமணச் சட்டம், 1954-இன்படி நடந்தால் செல்லும் என்று இரண்டு உயர் நீதிமன்றங்கள் வழி காட்டியிருக்கின்றன. கேரள உயர் நீதிமன்றம் 2021 செப்டம்பரில் ஓர் இடைக்கால உத்தரவின் மூலம் இதை அனுமதித்தது. சாட்சிகள் திருமண அலுவலர் முன் நேரில் வர வேண்டும். திரையில் தெரிபவர் இன்னார்தான் என்று அவர்கள் அடையாளம் காட்ட வேண்டும். வெளியில் இருப்பவரின் பாஸ்போர்ட் நகல் முன்கூட்டியே கொடுக்கப்பட வேண்டும். கையெழுத்து தேவைப்படும் இடத்தில் அவருடைய பவர் பத்திரம் பெற்றவர் கையெழுத்திட வேண்டும். நிபந்தனைகள் ஏறக்குறைய இவை.

அடுத்து, 2022 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதனின் உத்தரவில், கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சி சார்பதிவாளர் அலுவலகத்தில், அமெரிக்காவில் இருந்த மாப்பிள்ளைக்கும் இங்கிருந்த பெண்ணுக்கும் காணொளி வழியே திருமணம் நடத்தி வைக்கச் சொன்னது. அந்த மாப்பிள்ளை ஊருக்கு வந்து முறைப்படி நோட்டீஸ் (திருமணம் செய்யப்போவதாக அலுவலருக்குத் தரும் முன்னறிவிப்பு) கொடுத்து, அதற்கான கெடு முடிந்த பிறகும் திருமணம் நடத்தி வைக்கப்படாததால் திரும்பிப் போக வேண்டியிருந்தவர். தரப்பினர் தாங்கள் விரும்பும் முறையில் திருமணம் நடத்திக்கொள்ளலாம் என்று சட்டத்தின் 12-ஆம் பிரிவு சொல்வதையே நீதிமன்றம் ஆதாரமாகக் கொண்டது.

இந்து திருமணச் சட்டம், 1955 வேறு மாதிரி. அங்கே திருமணத்தை உண்டாக்குவது சடங்கு. சப்தபதி வழக்கமுள்ள குடும்பத்தில் ஏழாவது அடி வைத்தால்தான் திருமணம் நிறைவு பெறும். தமிழ்நாட்டில் 1967-இல் சேர்க்கப்பட்ட 7-அ பிரிவின்படி மாலை மாற்றுவதோ மோதிரம் அணிவிப்பதோ தாலி கட்டுவதோ போதுமானது, புரோகிதர் தேவையில்லை. ஆனால் திரைக்கு அப்பால் இருப்பவர் தாலி கட்டவும் முடியாது, அடி எடுத்து வைக்கவும் முடியாது. மாப்பிள்ளையின் தங்கை தாலி கட்ட, மாப்பிள்ளை கைப்பேசியில் பார்த்துக்கொண்டிருப்பது போன்ற ஏற்பாடுகளை நம்பி விசாவுக்குப் போவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

அப்படியென்றால் எங்கள் ஊர் அலுவலகத்துக்கு நேரே போய்க் கேட்கலாமா?

கேட்கலாம், ஆனால் கால அளவைப் புரிந்துகொண்டு போக வேண்டும். நோட்டீஸ் கொடுக்கும் மாவட்டத்தில் இருவரில் ஒருவராவது அதற்கு முன் 30 நாட்களுக்குக் குறையாமல் குடியிருந்திருக்க வேண்டும். பெண் வடகரப்பதியில் இருந்தால் பாலக்காடு மாவட்டத்தில்தான் கொடுக்க வேண்டும். அலுவலகம் பக்கத்தில் இருக்கிறதே என்று பொள்ளாச்சியில் கொடுக்க முடியாது. நோட்டீஸ் வெளியில் ஒட்டப்படும். 30 நாட்களுக்குள் ஆட்சேபம் வராவிட்டால் திருமணம் நடத்தலாம். நோட்டீஸ் கொடுத்து மூன்று மாதங்களுக்குள் நடத்தாவிட்டால் புதிதாக நோட்டீஸ் கொடுக்க வேண்டும். மூன்று சாட்சிகள் தேவை. ஆண் 21, பெண் 18 வயது நிறைந்தவர்களாக இருக்க வேண்டும்.

மேலே சொன்ன நீதிமன்ற உத்தரவுகள் இருந்தும், சில அலுவலர்கள் தங்களுக்குத் தனிச் சுற்றறிக்கை வரவில்லை என்று தயங்குவது உண்டு. அப்போது உயர் நீதிமன்றத்தில் மனுப் போட வேண்டிவரும். அந்தச் செலவையும் மாதங்களையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். வெளிநாட்டில் எழுதப்படும் பவர் பத்திரத்தை அந்த நாட்டில் இருக்கும் இந்தியத் தூதரகத்தில் சான்றுறுதி செய்து அனுப்புவது நல்லது, அதன் வாசகம் இந்தத் திருமணக் காரியத்தோடு நின்றுகொள்வது இன்னும் நல்லது. நிலம், வங்கிக் கணக்கு எல்லாவற்றையும் சேர்த்து எழுதும் பொதுப் பவர் இதற்குத் தேவையே இல்லை.

இந்தியாவில் செல்லுபடியாகும் திருமணம் என்றால் விசாவுக்கும் செல்லுபடியாகும் அல்லவா?

குடும்பங்கள் அதிகமாக ஏமாறும் இடம் இதுதான். திருமணம் செல்லுமா என்பதை அது நடந்த நாட்டுச் சட்டம் தீர்மானிக்கிறது. அந்தத் திருமணத்தை வைத்து விசா தரலாமா என்பதைப் போக வேண்டிய நாட்டின் குடியேற்றச் சட்டம் தனியாகத் தீர்மானிக்கிறது. சென்னை உயர் நீதிமன்ற முத்திரையே இருந்தாலும், கனடாவின் விதி அதை மனைவி உறவாக எடுத்துக்கொள்ளாமல் போகலாம். ஆகையால் ஜாதகம் பார்த்த கையோடு, எந்த நாட்டு விசா, எந்த வகை விசா என்பதையும் பார்த்துவிட்டுத்தான் திருமண முறையை முடிவு செய்ய வேண்டும். சான்றிதழ் வாங்கிய பிறகு இதை யோசித்தால் காலம் கடந்துவிட்டிருக்கும்.

மாப்பிள்ளை அமெரிக்காவில் இருக்கிறார். காணொளித் திருமணத்தை அங்கே ஏற்பார்களா?

ஒரு நிபந்தனையோடு ஏற்பார்கள். அமெரிக்கக் குடியேற்றச் சட்டம் கணவன், மனைவி என்ற சொற்களுக்குத் தரும் வரையறையிலேயே, திருமணச் சடங்கின்போது இருவரும் ஒருவர் முன் ஒருவர் நேரில் இல்லையென்றால் அவர்களைத் தம்பதியாகக் கொள்ள முடியாது என்று இருக்கிறது. அதற்குப் பிறகு தாம்பத்திய உறவு நிகழ்ந்து திருமணம் நிறைவு பெற்றிருந்தால் மட்டும் விலக்கு. பெரியவர்கள் முன்னால் பேசக் கூச்சமான விஷயம் என்பதால் பல வீடுகளில் இந்த வரியை யாரும் வாய்விட்டுப் படிப்பதில்லை. ஆனால் விண்ணப்பத்தின் தலையெழுத்து அந்த வரியில்தான் இருக்கிறது.

நடைமுறையில் இதன் பொருள், காணொளித் திருமணத்துக்குப் பிறகு இருவரும் நேரில் சந்தித்துச் சேர்ந்து வாழ்ந்திருக்க வேண்டும் என்பதே. திருமணத்துக்கு முன் சந்தித்திருந்தது, நிச்சயதார்த்தத்தில் ஒன்றாக இருந்தது, பழைய காதல் எதுவும் இதற்குக் கணக்காகாது. பாஸ்போர்ட்டில் வந்து போன முத்திரைகள், விமான டிக்கெட்டுகள், இருவர் பெயரிலும் எடுத்த அறையின் ரசீதுகள், தேதியோடு கூடிய படங்கள், ஒன்றாகத் தங்கியிருந்ததைப் பற்றிய உறுதிமொழி வாக்குமூலம் ஆகியவை சான்றுகளாகும். மாப்பிள்ளை ஊருக்கு வரலாம். முடியாவிட்டால் இருவரும் வேறொரு நாட்டில் சந்திக்கலாம்.

இதை யோசித்தால் ஒரு கேள்வி எழும்: எப்படியும் நேரில் சந்தித்தே ஆக வேண்டும் என்றால், அந்தச் சந்திப்பிலேயே கல்யாணத்தை வைத்துக்கொள்ளக் கூடாதா? பெரும்பாலான குடும்பங்களுக்கு அதுதான் சரியான வழி. மாப்பிள்ளை வர இன்னும் பல மாதங்கள் ஆகும், திருமணத் தேதி அதற்கு முன்பே தேவைப்படுகிறது என்னும் சிலருக்குத்தான் காணொளித் திருமணத்தால் லாபம். அவர்களும் விண்ணப்பத்தை அந்தச் சந்திப்புக்குப் பிறகே போட வேண்டும்.

எச்-1பி என்னும் அமெரிக்க வேலை விசாவில் இருப்பவரின் மனைவி, குடும்பத்தினருக்கான எச்-4 விசா வாங்குவதற்கும் இதே விதியா?

ஆம். மனைவி என்ற வரையறை ஒன்றுதான். எச்-4 தற்காலிக விசாதானே என்று தளர்வாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

யூட்டா கவுன்டி சான்றிதழ் வாங்கினால் அது அமெரிக்கத் திருமணமாகவே ஆகிவிடுமே?

ஆகும், அது யூட்டா சட்டப்படி நடந்த திருமணம். ஆனால் நேரில் இருக்க வேண்டும் என்ற மேற்கண்ட நிபந்தனை, திருமணம் எங்கே நடந்தாலும் பொருந்தும். மணமக்கள் இருவரும் ஒரே அறையில் உட்கார்ந்திருந்து, நடத்தி வைப்பவர் மட்டும் யூட்டாவில் திரையில் இருந்தால், ஒருவர் முன் ஒருவர் இருந்ததாகவே ஆகிறது. ஆளுக்கொரு நாட்டில் இருந்தால் பின்னால் சேர்ந்து வாழ்ந்ததைக் காட்ட வேண்டும். இன்னொன்றும் உண்டு: இங்கே பஞ்சாயத்திலோ சார்பதிவாளரிடமோ அந்தச் சான்றிதழைக் காட்டிக் காரியம் சாதிப்பது எளிதாக இருக்காது. ஊரில் சொத்து, வாரிசு, பாஸ்போர்ட் திருத்தம் போன்றவற்றையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

கல்யாணம் செய்யாமலே பெண்ணை அழைத்துப் போய் அங்கே செய்துகொள்ள வழி உண்டா?

அமெரிக்கக் குடிமகனாக இருப்பவருக்கு மட்டும் உண்டு. கே-1 என்னும் விசாவில் நிச்சயிக்கப்பட்ட பெண் போய், இறங்கிய 90 நாட்களுக்குள் அவரையே மணக்க வேண்டும். மனுப் போடுவதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளுக்குள் இருவரும் நேரில் சந்தித்திருக்க வேண்டும் என்பது பொதுவிதி. கிரீன் கார்டு (நிரந்தரமாக வசிக்கும் உரிமை) மட்டும் உள்ளவர் இதற்கு மனுப் போட முடியாது. சான்றிதழ் அளவில் திருமணம் முடித்துவிட்டவர்களுக்கும் இந்தக் கதவு மூடியதுதான், ஏனெனில் இது மணமாகாதவர்களுக்கான விசா.

கனடாவுக்கு?

காணொளித் திருமணம் வேண்டாம். 2015 ஜூன் முதல் கனடாவின் குடியேற்ற விதிமுறைகள், திருமணத்தின்போது மணமக்களில் ஒருவரோ இருவருமோ நேரில் இல்லாமல், பதிலாள் வழியாகவோ தொலைபேசியிலோ இணையத்திலோ நடந்த திருமணத்தை ஸ்பான்சர் செய்வதற்கு (அங்கே இருப்பவர் பொறுப்பேற்று அழைத்துக்கொள்வதற்கு) ஏற்பதில்லை. கனடியப் படைத்துறையில் பணிபுரிவோருக்கு மட்டும் அவர்கள் பணியின் காரணமாக ஒரு விலக்கு இருக்கிறது. அமெரிக்காவைப் போல, பின்னால் சேர்ந்து வாழ்ந்தால் சரியாகிவிடும் என்ற வழியும் இந்த விதியில் இல்லை.

ஏற்கனவே அப்படிச் செய்துவிட்டவர்கள் இருவரும் நேரில் இருந்து மீண்டும் சட்டப்படி மணந்துகொண்டு விண்ணப்பிக்கலாம். இங்கேதான் நம் பக்கத்துச் சிக்கல் வருகிறது: சிறப்புத் திருமணச் சட்டப்படி ஒருமுறை மணந்து சான்றிதழ் வாங்கியவர்கள் அதே அலுவலகத்துக்கு மறுபடி போனால், "உங்களுக்குத்தான் கல்யாணம் ஆகிவிட்டதே" என்று அலுவலர் சொல்வதில் தவறில்லை. ஒரே ஜோடிக்கு இரண்டு தேதிகளில் இரண்டு சான்றிதழ்கள் இருப்பதையும் விசா அலுவலருக்கு விளக்க வேண்டியிருக்கும். அந்த நிலையில் இருப்பவர்கள் கனடியக் குடியேற்ற வழக்கறிஞரைக் கேட்காமல் அடுத்த அடி எடுத்து வைக்கக் கூடாது. தொடர்ந்து ஓராண்டாவது ஒரே வீட்டில் சேர்ந்து வாழ்ந்தவர்களுக்குத் திருமணமின்றியே துணைவர் என்ற வகையில் விண்ணப்பிக்கும் வழியும் அங்கே உண்டு, ஆனால் ஊரில் பெண்ணும் அங்கே மாப்பிள்ளையுமாக இருப்பவர்களுக்கு அது உதவாது.

பிரிட்டன், ஆஸ்திரேலியா?

பிரிட்டனில், திருமணம் நடந்த நாட்டின் சட்டப்படி செல்லுமா என்பதை முதலில் பார்ப்பார்கள். அதோடு இருவரும் நேரில் சந்தித்திருக்க வேண்டும் என்பது மனைவி விசாவின் தனி நிபந்தனை. இருவருக்கும் 18 வயது நிறைந்திருக்க வேண்டும். 2024 ஏப்ரல் முதல் புதிதாக விண்ணப்பிப்பவர்களுக்கு ஸ்பான்சரின் ஆண்டு வருமான வரம்பு 29,000 பவுண்டு. திருமணச் சான்றிதழைவிட இந்த வரம்பில்தான் பலர் இடறுகிறார்கள். ஆஸ்திரேலியாவுக்குள் நடக்கும் திருமணத்தில் மணமக்கள் நேரில் இருந்தாக வேண்டும். அங்கே போய் மணப்பதற்கான விசாவுக்கும், இருவரும் 18 வயதுக்குப் பிறகு நேரில் சந்தித்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை.

வளைகுடாவில் இருப்பவர்களுக்கு இவ்வளவு சோதனை இல்லையே?

சோதனை வேறு இடத்தில் இருக்கிறது. ஐக்கிய அரபு எமிரேட்ஸில் குடும்பத்தை ஸ்பான்சர் செய்பவருக்கு மாதம் 4,000 திர்ஹம் சம்பளம், அல்லது 3,000 திர்ஹமும் தங்குமிடமும் இருக்க வேண்டும். திருமணச் சான்றிதழுக்கு மாநில அரசின் அட்டெஸ்டேஷன் (சான்றுறுதி), பிறகு வெளியுறவு அமைச்சகம், பிறகு அந்த நாட்டுத் தூதரகம், கடைசியில் அங்குள்ள வெளியுறவு அமைச்சகம் என்று படிப்படியாக முத்திரை விழ வேண்டும். சவூதி, ஓமன், பஹ்ரைன் ஆகியவை, ஒரு நாட்டின் தாளை ஒரே முத்திரையில் மற்ற நாடுகள் ஏற்கும் அபோஸ்டில் உடன்படிக்கையில் சேர்ந்தவை என்பதால் அவற்றுக்கு அபோஸ்டில் முத்திரையே பொதுவாகப் போதும். இந்தச் சங்கிலிக்குள் நுழைவது அரசுப் பதிவுச் சான்றிதழ்தான்; மண்டபத்துக்காரர் தரும் ரசீதுக்கோ கோயில் சீட்டுக்கோ அங்கே வேலை இல்லை.

எங்கள் ராவுத்தர் குடும்பங்களில் வக்கீல் (மாப்பிள்ளைக்குப் பதிலாள்) வைத்து, தொலைபேசியில் சம்மதம் சொல்லி நிக்காஹ் நடப்பது உண்டு. அது செல்லாதா?

மார்க்கத்தின்படி அது செல்லுமா என்பதை ஜமாஅத்தும் உலமாக்களும் சொல்வார்கள். பெண்ணின் வலியும் (பெண் சார்பில் பொறுப்பேற்பவர்) மாப்பிள்ளையின் வக்கீலும் சாட்சிகளும் ஒரே சபையில் இருந்து நடக்கும் நிக்காஹ் பழைய வழக்கம்தான். விசாவைப் பொறுத்தவரை, அதைக் கனடா மேலே சொன்ன அதே விதிக்குள் கொண்டுவந்து மறுக்கும். அமெரிக்கா பின்னால் சேர்ந்து வாழ்ந்த சான்றைக் கேட்கும். மஹல்லு (பள்ளிவாசல் ஜமாஅத்) பதிவேட்டில் எழுதுவதோடு நிறுத்தாமல் பஞ்சாயத்திலோ நகராட்சியிலோ பதிவும் செய்ய வேண்டும். விண்ணப்பத்தில் நிக்காஹ் நடந்த விதத்தை உள்ளபடியே எழுத வேண்டும். மாப்பிள்ளை அன்று துபாயில் இருந்ததை அவர் பாஸ்போர்ட் முத்திரையே சொல்லிவிடும்.

கல்யாணத்தைத் தையில் வைத்துக்கொள்கிறோம், சர்டிபிகேட்டை மட்டும் ஆடியிலேயே வாங்கிவிடலாமா?

இந்தக் கேள்வி ஏறக்குறைய இதே வடிவில் உச்ச நீதிமன்றத்தின் கண்ணிலேயே பட்டிருக்கிறது. 2024 ஏப்ரல் தீர்ப்பொன்றில் நீதிபதிகள் பி.வி. நாகரத்னாவும் அகஸ்டின் ஜார்ஜ் மசீஹும், இந்து திருமணச் சட்டப்படி உரிய சடங்குகள் நடக்காமல் பதிவு மட்டும் செய்தால் அது திருமணமே ஆகாது, சான்றிதழால் திருமணத்தை உண்டாக்க முடியாது என்று சொன்னார்கள். வெளிநாட்டு விசாவுக்கு விண்ணப்பிக்க நேரத்தை மிச்சப்படுத்துவதற்காகப் பெற்றோர்களே முன்கூட்டிப் பதிவு செய்ய ஒப்புக்கொள்வதையும் எடுத்துச் சொல்லி, அந்த வழக்கம் கண்டிக்கத்தக்கது என்றார்கள். அந்த வழக்கில் இருவருமே பயிற்சி பெற்ற விமானிகள். சடங்கு செய்யாமல் வாங்கிய சான்றிதழ்கள் செல்லாதவை என்று அறிவிக்கப்பட்டன.

இதில் சிக்குபவர்கள் இரண்டு விதமாகத் துன்பப்படுகிறார்கள். தைக்குள் சம்பந்தம் முறிந்துவிட்டால், ஊர் கண்ணுக்குக் கல்யாணமே ஆகாத பெண், அரசுத் தாளில் இன்னொருவருடைய மனைவி; அதை நீக்க நீதிமன்றம் ஏற வேண்டும். சம்பந்தம் முறியாவிட்டாலும், சான்றிதழில் ஒரு தேதி, பத்திரிகையிலும் ஆல்பத்திலும் வேறு தேதி என்று நேர்காணலில் நிற்க வேண்டியிருக்கும். அப்போது முதல் தேதியில் என்ன நடந்தது என்று கேட்டால் சொல்வதற்குப் பதில் இருக்காது. பதிவுத் திருமணம்தான் முதலில் வேண்டும் என்றால் சிறப்புத் திருமணச் சட்டத்தில் முறைப்படி நோட்டீஸ் கொடுத்து நடத்துங்கள். அங்கே அலுவலர் முன் சொல்லும் சம்மதமே திருமணம், அதற்குப் பின் தையில் மண்டபம் பிடித்துத் தாலி கட்டுவது உங்கள் விருப்பம். ஆனால் சட்டத்தின் கண்ணுக்குக் கல்யாண நாள் முதல் நாள்தான் என்பதை இரு வீட்டாரும் மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

பெண் கேரளம், மாப்பிள்ளை வீடு தமிழ்நாடு, கல்யாணம் பழனியில். எங்கே பதிவு செய்வது?

இந்தக் குழப்பம் எல்லையோரத்துக்கே உரியது. கேரளத்தின் 2008-ஆம் ஆண்டுப் பொது விதிகளின்படி, கேரளத்துக்குள் நடந்த திருமணத்தை அது நடந்த இடத்து உள்ளாட்சியில் 45 நாட்களுக்குள் பதிய வேண்டும். அதற்கு மேல் போனால் அபராதத்தோடு. குருவாயூரில் நடந்தால் குருவாயூர் நகராட்சிதான், வீடு கொழிஞ்சாம்பாறையில் இருக்கிறது என்று அங்குள்ள பஞ்சாயத்தில் பதிய முடியாது. பழனியிலோ பொள்ளாச்சி மண்டபத்திலோ நடந்த திருமணம் கேரளத்துக்கு வராது. அதைத் தமிழ்நாட்டின் 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி அங்குள்ள சார்பதிவாளரிடம் பதிய வேண்டும். ஆந்திரத்தில் 2002-ஆம் ஆண்டுக் கட்டாயப் பதிவுச் சட்டம் இருக்கிறது.

கேரளத்தில் பதிபவர்களுக்கு ஒரு வசதி உண்டு: உள்ளாட்சிச் சேவைகளுக்கான கே-ஸ்மார்ட் இணையதளத்தில் விண்ணப்பித்து, காணொளி வழியே அடையாளத்தை உறுதி செய்து, அலுவலகத்துக்கு நேரில் வராமலே பதிவை முடிக்கலாம். கல்யாணம் முடிந்த மூன்றாம் நாள் விமானம் ஏறிவிட்ட மாப்பிள்ளைக்கு இது பெரிய உதவி. முதல் கேள்வியில் சொன்ன இரண்டாவது வகை இதுதான்.

பெயர் விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். நம் பெண்களின் பள்ளிச் சான்றிதழில் மலையாள வழக்கில் எழுதிய பெயர், ஆதாரில் தமிழ் உச்சரிப்பில் ஒரு பெயர், பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து அப்பா பெயர் சேர்ந்த இன்னொரு பெயர் என்று மூன்று விதமாக இருப்பது சாதாரணம். திருமணப் பதிவில் பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துகளே அச்சுப் பிசகாமல் வர வேண்டும். பிறந்த ஊர் சித்தூர் என்றால் பாலக்காடு மாவட்டமா, ஆந்திரமா என்பதை மாவட்டத்தோடு எழுதுங்கள்; இரண்டு சித்தூர்களையும் ஒன்றாக்கிவிட்ட தாள்களைத் திருத்த அலைந்தவர்கள் இருக்கிறார்கள்.

வெளிநாட்டில் உள்ள இந்தியத் தூதரகத்தில் மணந்துகொள்ள முடியாதா?

முடியும். அயல்நாட்டுத் திருமணச் சட்டம், 1969-இன்படி, இருவரில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இருந்தால் தூதரகத் திருமண அலுவலர் முன் மணக்கலாம்; அங்கும் நோட்டீஸும் காத்திருப்பும் உண்டு, பெண்ணும் அங்கே போயிருக்க வேண்டும். அபுதாபியில் இஸ்லாமியர் அல்லாதவர்களுக்கான சிவில் திருமணச் சட்டம் 2021-இல் வந்திருக்கிறது.

இருவரும் பெற்றோர் பார்த்து முடித்தவர்கள். பழகிய ஆதாரம் கேட்டால் என்ன காட்டுவது?

பார்த்து முடித்த கல்யாணம் என்பதை மறைக்க வேண்டாம். நம் பக்கத்து வழக்கம் அலுவலர்களுக்குத் தெரிந்ததே. தரகர் அல்லது வரன் தேடும் தளம் வழியாக எப்போது பேச்சு வந்தது, யார் யார் வீட்டுக்கு வந்தார்கள், நிச்சயதார்த்தம் எங்கே நடந்தது என்பதை வரிசையாக எழுதி, பத்திரிகை, படங்கள், அழைப்புப் பதிவுகள், பணம் அனுப்பிய ரசீதுகள் ஆகியவற்றை இணைக்கலாம். இதற்கென்றே வேடம் போட்டு எடுத்த படங்களைவிட, சமையலறையில் மாமியாரோடு நிற்கும் ஒரு சாதாரணப் படம் நம்பத்தக்கதாக இருக்கும். தம்பதி இருவரும் விவரங்களை ஒரே மாதிரி அறிந்திருக்க வேண்டும். மாப்பிள்ளை எந்த நிறுவனத்தில் வேலை செய்கிறார், எத்தனை பேரோடு தங்கியிருக்கிறார் என்பதே தெரியாமல் நேர்காணலுக்குப் போகும் பெண்கள் உண்டு.

பணம் கொடுத்தால் காகிதத்தில் மட்டும் கல்யாணம் செய்து அழைத்துப் போவதாக ஒருவர் சொல்கிறார்.

அவரை வீட்டு வாசலோடு அனுப்பிவிடுங்கள். குடியேற்றச் சட்டத்தை ஏமாற்றுவதற்காகத் திருமணம் செய்வது அமெரிக்காவில் ஐந்து ஆண்டு வரை சிறையும் 2,50,000 டாலர் வரை அபராதமும் பெறக்கூடிய குற்றம்; அப்படி ஒருமுறை முடிவாகிவிட்டால், பிறகு உண்மையாகவே யாரையாவது மணந்தாலும் அந்த மனு ஏற்கப்படாது. கனடாவில் பொய்த் தகவலுக்கு ஐந்து ஆண்டுத் தடை. ஊரில் தரகருக்குக் கொடுத்த பணமும் திரும்பி வராது.

பெண் வீட்டார் முதலில் எதைச் சரிபார்க்க வேண்டும்?

மாப்பிள்ளையின் விசா எந்த வகை, எப்போது முடிகிறது என்பதை, அவர் வாயால் கேட்பதோடு விடாமல் தாளில் பார்க்க வேண்டும். குடிமகன், கிரீன் கார்டு, எச்-1பி, மாணவர் ஆகிய நான்கு பேருக்கும் மனைவியை அழைக்கும் வழியும் காத்திருக்கும் காலமும் வேறு வேறு. முன்பு திருமணமாகியிருந்தால் விவாகரத்துத் தீர்ப்பின் நகல் கையில் வர வேண்டும். திருமணமாகி இரண்டு ஆண்டு நிறைவதற்குள் அமெரிக்காவில் மனைவியாக நுழையும் பெண்ணுக்கு முதலில் கிடைப்பது இரண்டு ஆண்டு நிபந்தனைக் கிரீன் கார்டு. அது முடிவதற்கு முந்தைய 90 நாட்களுக்குள் நிபந்தனையை நீக்க மனுப் போட வேண்டும் என்பதை அந்தப் பெண்ணே அறிந்திருக்க வேண்டும். கணவன் தன்னை மிரட்டி அடக்கிவைக்க இந்தத் தாள் கருவியாகும் வீடுகளும் உண்டு. கொடுமைக்கு ஆளானவர் தனியாகவே மனுப் போடும் வழியையும் அந்தச் சட்டம் வைத்திருக்கிறது.

வெளிநாடுவாழ் இந்தியர்களின் திருமணங்களைக் கட்டாயமாகப் பதியும் மசோதா ஒன்று 2019-இல் மாநிலங்களவையில் வைக்கப்பட்டது, சட்டமாகவில்லை. 2024-இல் சட்ட ஆணையம் தன் 287-ஆவது அறிக்கையில் விரிவான சட்டம் வேண்டும் என்று பரிந்துரைத்தது. அதுவரை சரிபார்க்கும் வேலை குடும்பத்துடையது.

மாப்பிள்ளைக்குப் பத்து நாள்தான் லீவு. காணொளியைத் தவிர வழியே இல்லையா?

பத்து நாள் தாராளம். சிறப்புத் திருமணச் சட்டத்தின் 30 நாள் காத்திருப்புத்தான் பத்து நாளுக்குள் அடங்காது. இருவரும் இந்துக்களாக இருந்தால் கோயிலிலோ மண்டபத்திலோ முறைப்படி தாலி கட்டிய மறுநாளே பதிவுக்கு விண்ணப்பிக்கலாம், கிறிஸ்தவ, இஸ்லாமியக் குடும்பங்களுக்கும் தேவாலயத் திருமணம், நிக்காஹ் முடிந்து உள்ளாட்சியில் பதியும் வழி இருக்கிறது. மாப்பிள்ளை வருவதற்கு முன்பே இரு பக்கத்துத் தாள்களையும் சேகரித்து, பெயர்த் திருத்தங்களை முடித்து, எந்த உள்ளாட்சியில் அல்லது எந்தச் சார்பதிவாளரிடம் பதிவு என்று விசாரித்து, சாட்சிகளின் அடையாள அட்டை நகல்களையும் எடுத்து வைத்திருந்தால், அவர் திரும்பிப் போகும்போது விண்ணப்பத்தின் நகல் பெட்டியில் இருக்கும், சான்றிதழ் பின்னால் வந்து சேரும். திருப்பதியிலோ குருவாயூரிலோ நடத்துவதாக நேர்ந்திருந்தால், அங்கே பதிவுக்கு எத்தனை நாள் ஆகும் என்பதை முன்பதிவு செய்யும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.